வாரில் இருக்கிறது சூட்சுமம்

இந்த வாரம் செருப்பைப் பற்றி எழுதப் போகிறோம். "எழுதுவதற்கு வேறு விஷயம் அகப்படவில்லையா?" என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். கோசல ராஜ்யத்தைப் பதினான்கு வருஷ காலம் ஆண்டது ஒரு ஜோடி பாதுகை என்பதை அவர்களுக்குப் பணிவுடன் ஞாபகப்படுத்துகிறோம். அந்தப் பெருமை இன்றுவரை மூக்குக் கண்ணாடிக்கோ, கைக் கடிகாரத்துக்கோ கிடைத்ததில்லை.

ஆனால் அந்தக் காலத்து மரப் பாதுகையில் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு வார் கிடையாது. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு குமிழ் இருக்கும், அவ்வளவுதான். விரல்கள் அந்தக் குமிழைக் கவ்விக் கொண்டிருக்கும் வரையில் பாதுகை காலோடு வரும்; விரல் தளர்ந்தால் நின்றுவிடும். கூடத்திலும் முற்றத்திலும் நடப்பதற்கு அது போதும். அதை மாட்டிக்கொண்டு மலை ஏறவும் முடியாது, ஓடவும் முடியாது. மழைக்காலத்தில் விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் அதோடு இறங்கினால் முதல் அடியிலேயே பாதுகை மண்ணுக்குச் சொந்தமாகிவிடும். மனிதன் மட்டும் கரையேறுவான்.

செருப்பு வாங்கப் போகும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? அடியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். "பல் ஆழமாக இருக்கிறதா? வழுக்காதா?" என்று கேட்கிறார்கள். வாரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காலைக் கடிக்காமல் இருந்தால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். பாதி விஷயம்தான் அடியில் இருக்கிறது, மறு பாதி வாரில் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். நடக்கும் மனிதனுக்கு இரண்டு இடங்களில் பிடிப்பு வேண்டும். தரைக்கும் செருப்புக்கும் இடையே ஒன்று. செருப்புக்கும் காலுக்கும் இடையே மற்றொன்று. இந்த இரண்டில் எது குறைவோ அதுவே அவனுடைய பிடிப்பு. கமலைக் கயிறு ஐம்பது முழம் இருந்தாலும் நைந்த இடத்தில்தான் அறும். அடித்தட்டு பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் மேலே கால் மட்டும் வழுக்கி விழுந்தால் அந்த அடித்தட்டினால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்த விஷயத்தை ஆராய்வதற்கு விருதுநகர் ஜில்லாவைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தோன்றவில்லை. ஒரே ஜில்லாவுக்குள் காலுக்கு மூன்று விதமான பரீட்சை அங்கே நடக்கிறது. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஒன்று. வத்திராயிருப்புக்கு மேற்கே தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் மலைப்பாதை ஒன்று. சிவகாசியையும் சாத்தூரையும் வெம்பக்கோட்டையையும் சுற்றியுள்ள பட்டாசுச் சாலைகளின் தரை மற்றொன்று. முதல் இரண்டில் தோற்றால் வேஷ்டி அழுக்காகும், அல்லது முழங்கால் பெயரும். மூன்றாவதில் தோற்றால் உயிர் போகும்.

முதலில் கரிசலைப் பார்ப்போம். கரிசல் மண்ணில் உள்ள களிமண் மிக நுண்ணிய தகடுகளால் ஆனது. அந்தத் தகடுகளின் இடுக்குகளில் தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். தண்ணீர் வற்றினால் சுருங்கி, கை நுழையும்படி வெடிக்கும். கோடையில் கல்லைப் போல் இருக்கும் அதே நிலம் ஐப்பசி மழையில் பசையாகிவிடுகிறது. அந்தப் பசை செருப்பின் அடியில் ஒட்டும். ஒட்டியதன் மேல் இன்னும் ஒட்டும். பத்து அடி நடப்பதற்குள் காலில் ஒரு சேர் மண் தொங்கும். அடித்தட்டில் எத்தனை ஆழமாகப் பல் வெட்டியிருந்தாலும் பயனில்லை. பல்லிடுக்கெல்லாம் மண் அடைத்துக் கொண்ட பிறகு, மண்ணின் மேல் மண்தான் நடக்கிறது.

இந்த நிலத்தில் ஜனங்கள் பெரும்பாலும் அணிவது ஹவாய் செருப்பு. அதன் கட்டுமானத்தைச் சற்றுக் கவனியுங்கள். பஞ்சு போன்ற ரப்பர்த் தட்டில் மூன்று துளைகள். முன்னால் ஒன்று, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. வாரின் மூன்று நுனிகளிலும் உள்ள குமிழ்கள் அந்தத் துளைகளில் செருகி நிற்கின்றன. குதிகாலைப் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆகையால் காலைத் தூக்கும்போது குதிகால் முதலில் எழும்புகிறது, தட்டு பின்தங்குகிறது, பிறகு "பட்" என்று வந்து குதிகாலில் அடிக்கிறது. அப்படி அடிக்கும்போது தட்டில் இருந்த சேறு எங்கே போகும்? வேஷ்டியின் பின்புறம் முழங்கால் வரைக்கும் புள்ளி புள்ளியாகக் கோலம் போடும். மழை நாளில் ஒருவர் நடந்து வந்தாரா, வண்டியில் வந்தாரா என்று கண்டுபிடிக்க அவருடைய முதுகுப் பக்கத்தைப் பார்த்தால் போதும்.

சேறு சற்று ஆழமாக இருந்தால் வேறொரு சங்கடம். மண் தட்டைக் கீழே இழுக்கிறது; கால் வாரை மேலே இழுக்கிறது. இந்த வழக்கில் நடுவே மாட்டிக்கொள்ளும் முன் குமிழ் துளையிலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிறது. உடனே ஓர் ஊக்கைத் தேடி, குமிழுக்கு அடியில் குறுக்கே குத்தி, மேலும் ஆறு மாதம் ஓட்டுவது நம் நாட்டின் மகத்தான கண்டுபிடிப்புகளில் ஒன்று. அந்த ஊக்கைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இந்தச் சேற்று வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பனி பெய்யும் தேசங்களிலும் இதே வழக்கு வெகு காலமாக நடந்து வருகிறது. புதிதாகப் பெய்த பனியில் கால் வைத்தால் தொடை வரைக்கும் புதையும். கனடா தேசத்துப் பழங்குடி மக்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். மரச் சட்டத்தை வளைத்து, பதனிடாத தோல் வாரினால் வலை பின்னி, அதைக் காலில் கட்டிக் கொண்டார்கள். பூட்ஸைவிட ஐந்தாறு மடங்கு பரப்பு இருப்பதால் பாரம் பரவிவிடுகிறது, கால் புதைவதில்லை. இதுதான் பனிச் செருப்பு. சேற்றில் சைக்கிள் புதையும் இடத்தில் அகலச் சக்கர வண்டி போய்விடுகிறதல்லவா, அதே தத்துவம்.

புதையாமல் நிற்பதற்குப் பரப்புப் போதும். நடப்பதற்கு அது போதாது. இரண்டரை அடி நீளமுள்ள பலகையைக் காலோடு கெட்டியாகக் கட்டிவிட்டால் மனிதன் வாத்து ஆகிவிடுவான். ஆகவே அந்தப் பழங்குடி மக்கள் முன்பாதத்தை மட்டும் கட்டி, குதிகாலை விடுதலை செய்தார்கள். விரல்களுக்கு நேரே வலையில் ஒரு துவாரமும் விட்டார்கள். காலை ஊன்றும்போது விரல்கள் அந்தத் துவாரத்தின் வழியே இறங்கிப் பனியைக் கவ்விக்கொள்ளும். கட்டும் பிடியும் ஒன்றையொன்று தழுவியவை என்பதை எந்தக் கலாசாலைக்கும் போகாமலே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இக்காலத்தில் அலுமினியச் சட்டமும் பிளாஸ்டிக் தட்டும் வந்துவிட்டன; விரல் துவாரத்துக்குப் பதிலாக முன்பாதத்தின் அடியில் இரும்புப் பற்கள் வந்துவிட்டன. ஆனால் கட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சியின் செருப்பில் முன்பாதத்தின் கட்டு ஓர் அச்சில் சுழலும். காலைத் தூக்கினால் பலகையின் வால் கீழே தொங்கும். அதன் மேலிருக்கும் பனி சரிந்து விழுந்துவிடும். செங்குத்தான ஏற்றத்தில் விரல் நுனியைச் சரிவுக்குள் குத்தி இறக்கலாம். பற்கள் நேராக ஆழப் பாயும். ஆனால் பின்னோக்கி ஓரடி வைக்க வேண்டுமென்றால் தொங்கும் வால் பனியில் சிக்கும். மற்றொரு கட்சியின் செருப்பில் கட்டு ஒரு விறைப்பான பட்டையில் நிற்கும். காலைத் தூக்கினால் வாலும் கூடவே எழும்பிவிடும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டவும், ஓடவும், பின்வாங்கவும் இது சௌகரியம். ஆனால் அந்தப் பட்டை வாலைச் சுண்டி இழுக்கும்போது பனியையெல்லாம் அள்ளி நடப்பவரின் முதுகுப் பக்கத்தில் வீசும். சாத்தூர்ச் சேற்றில் ஹவாய் செருப்பு வேஷ்டிக்குச் செய்யும் அதே மரியாதை! நிலம் வேறு, குளிர் வேறு, ஜனங்கள் வேறு. வாரின் சுபாவம் ஒன்றுதான்.

இதற்கு மேல் சரிவுக்குக் குறுக்கே நடப்பது என்று ஒரு சோதனை உண்டு. அப்போது உடலின் பாரம் முழுவதும் செருப்பின் ஒரு விளிம்பில் விழுகிறது. வார் தளர்ந்திருந்தால் பாதம் பக்கவாட்டில் நகரும். பலகை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்றாகி, இரும்புப் பற்கள் பனியைக் கவ்வாமல் கீறிக்கொண்டு போகும். அதற்காக வாரை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து, கடுங்குளிரில் விரல் மரத்துக் கருகும். பழைய தோல் வார் நனைந்தால் நீளும், உறைந்தால் விறைக்கும். நனைந்தாலும் நீளாத செயற்கை நாடாக்களைத் தேடிப் போனதற்கு இதுவே காரணம்.

"பனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்க வேண்டாம். 2016-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, சியாச்சின் பிரதேசத்தில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் நிலையத்தைப் பனிச்சரிவு மூடியது. அதில் அகப்பட்டவர்கள் மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாளத்தைச் சேர்ந்த பத்து வீரர்கள். பத்துப் பேரும் உயிர் நீத்தார்கள். அவர்களில் நாலு பேர் தமிழ் நாட்டவர்கள். அந்த விபத்துக்கும் செருப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத ஊர்களில் பிறந்த பிள்ளைகள் பனியின் மேல் நடந்து நமக்காகக் காவல் காக்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

பனி மலையில் கற்ற பாடத்தை நமது சதுரகிரிக்கு எடுத்துச் செல்லலாம். ஆடி அமாவாசைக்குச் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்கத் தாணிப்பாறையிலிருந்து ஏறும் கூட்டத்தை அறியாதவர் யார்? அந்த வழியில் ஓர் இடத்துக்கு வழுக்குப் பாறை என்றே பெயர். பெயர் வைத்தவர் அனுபவஸ்தராகத்தான் இருக்க வேண்டும். ஏறும்போது ஹவாய் செருப்பு அவ்வளவாகத் துரோகம் செய்வதில்லை. குதிகால் சுதந்திரமாக எழும்ப வேண்டிய சமயம் அது. இறங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். பாதம் முன்னோக்கி வழுக்குகிறது. உடலின் பாரம் முழுவதையும் இரண்டு விரல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு ரப்பர்த் தண்டு தாங்க வேண்டியிருக்கிறது. ஓடையைத் தாண்டிக் கால் நனைந்திருந்தால் பாதத்துக்கும் தட்டுக்கும் இடையே எண்ணெய் விட்டதுபோல் ஆகிவிடும். தேய்ந்த தட்டு பாறையில் ஒரு முறை வழுக்கும்; ஈரக் கால் தட்டின் மேல் இன்னொரு முறை வழுக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் மகாலிங்கம்தான் துணை.

ஆகையால் மலைக்குப் போகிறவர்கள் குதிகாலைச் சுற்றி வரும் பின்வார் உள்ள செருப்பையே அணிய வேண்டும். கணுக்காலுக்கு முன்னே குறுக்காக ஒரு வாரும் இருந்தால், இறக்கத்தில் பாதம் முன்னே ஓடுவதை அதுவே தடுத்துவிடும். வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறுகிற பக்தர்களை நாம் தடுக்க மாட்டோம். வெறுங்காலுக்கு வார் இல்லை. ஆகவே வார் அறுவதும் இல்லை. ஈரப் பாறையில் தேய்ந்த ஹவாய் செருப்பைவிட விரல்களால் ஊன்றி நடக்கும் வெறுங்கால் எவ்வளவோ மேல். கல்லும் முள்ளும்தான் அதற்குப் பகை.

இனிப் பட்டாசுச் சாலைக்கு வருவோம். மேற்கு நாட்டார் முற்காலத்தில் பூட்ஸின் அடியில் இரும்பு ஆணிகளை வரிசையாக அடித்துக்கொண்டு மலை ஏறினார்கள். நமது கிராமங்களில் பழைய மோட்டார் டயரை வெட்டிச் செய்யும் செருப்பிலும் வாரை ஆணி அடித்தே நிறுத்துகிறார்கள். சேற்றுக்கும் கல்லுக்கும் அதைப்போல் உழைக்கும் செருப்பு இல்லை. ஆனால் மலையில் உயிரைக் காக்கும் அந்த இரும்பு ஆணி, மருந்து அறையின் வாசலைத் தாண்டினால் யமனாகிவிடுகிறது. ஆணி கல்லில் உரசினால் ஒரு பொறி போதும். இப்போது அந்த ஊக்கு ஞாபகத்துக்கு வரட்டும்! வார் பிய்ந்த செருப்பின் அடியில் குறுக்கே கிடக்கும் ஊக்கும் இரும்புதான்.

இரும்பு மட்டுமா? செருப்போடு வரும் மணலும் கல்பொடியும் மருந்தோடு கலந்தால், உரசலில் அது இன்னும் சுலபமாகத் தீப்பற்றும். மூன்றாவது அபாயம் கண்ணுக்கே தெரியாதது. நடக்கும்போது உராய்வினால் உடம்பில் மின்சாரம் சேருகிறது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவனுடைய மின்சாரம் பூமிக்குள் இறங்கிவிடும். ரப்பர்த் தட்டின் மேல் நிற்பவனுடைய மின்சாரம் இறங்க வழியில்லாமல் உடம்பிலேயே தங்கி, அவன் கை எதைத் தொடுகிறதோ அங்கே பொறியாகப் பாயும். காற்று வறண்டிருந்தால் இது இன்னும் அதிகம். மழை குறைந்த வறண்ட சீமை என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் வேரூன்றின. தொழிலை வளர்த்த வறட்சியே அதன் அபாயத்தையும் வளர்க்கிறது. இந்த மூன்று காரணங்களாலும் வேலைக்கு வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, நிலத்தோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போக வேண்டும். இது நியாயமான ஏற்பாடு. இதில் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் விபரீதம் ஒன்று நேர்ந்துவிட்டால்? ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றெல்லாம் ஏற்பட்டிருக்கும் விதிகளின் நோக்கம் என்ன? உள்ளே இருப்பவர் ஒரு க்ஷணத்தில் வெளியே ஓட வேண்டும் என்பதுதான். கதவைத் தாண்டியதும் அவர் எதன் மேல் ஓடுகிறார்? வெயிலில் கொதிக்கும் சரளையின் மேலும், சீமைக் கருவேல முள்ளின் மேலும், வெறுங்காலோடு ஓடுகிறார். வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ள நேரம் ஏது? மாட்டினாலும், குதிகாலைப் பிடிக்காத செருப்போடு ஓடுவது விழுவதற்கு வழி. முதலிப்பட்டியில் 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி நடந்த விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அச்சங்குளத்தில் 2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அவை செருப்பினால் நேர்ந்தவை என்று நாம் சொல்லவில்லை; செருப்பு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றும் சொல்லவில்லை. ஓட வேண்டிய தொழிலில் காலைப் பற்றியும் யோசித்தாக வேண்டும் என்றே சொல்கிறோம்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலும் இல்லை. இங்கிலாந்தில் முற்காலத்து வெடிமருந்துச் சாலைகளில் இரும்பு ஆணி இல்லாத தனிச் செருப்புகள் வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர் தம் பூட்ஸைக் கழற்றிவிட்டு அதைத்தான் அணிய வேண்டும். இக்காலத்தில் ரப்பரில் கரிப்பொடியைச் சேர்த்து, உடம்பின் மின்சாரத்தைப் பூமிக்கு இறக்கிவிடும் அடித்தட்டுகளையும் செய்கிறார்கள். அந்த அடித்தட்டு, ஆணிக்குப் பதிலாக நூல் தையல், குதிகாலைச் சுற்றி ஒரு பின்வார், ஒரு கையால் ஓர் இழுப்பில் இறுகும்படியான பூட்டு, அதுவும் இரும்பில்லாமல். இவ்வளவும் சேர்ந்த செருப்பை முதலாளிகளே வாங்கி, சாலைக்கு உள்ளேயே வைத்திருந்து, சாலைக்கு வெளியே போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு ஒவ்வொரு கதவிலிருந்தும் ஐம்பது கஜ தூரமாவது முள்ளும் சரளையும் இல்லாத பாதை வேண்டும். செருப்புக்குப் பணம் இல்லை என்று சொல்லும் முதலாளி கூடப் பாதையைப் பெருக்கி வைக்கலாமே!

"அந்தப் பெண்களுக்குச் செருப்புப் போட்டு வேலை செய்து பழக்கம் இல்லை, கொடுத்தாலும் போட மாட்டார்கள்" என்று ஒரு சமாதானம் சொல்வதுண்டு. காலுக்குப் பொருந்தாத செருப்பைக் கொடுத்தால் யார்தான் போடுவார்கள்? செருப்புக்காகக் காலைத் தறிக்கலாகாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தந்தக் காலின் அளவுக்கு வாரை நீட்டவும் குறைக்கவும் வகை செய்து கொடுத்துப் பார்க்கட்டும். பிறகு பழக்கத்தைப் பற்றிப் பேசலாம். கனடாவின் காட்டில் வலை பின்னியவர்கள் தங்கள் நிலத்தைப் பார்த்துக் கட்டைத் தீர்மானித்தார்கள். நமது சீமையில் செருப்புத் தைக்கும் தொழிலாளிகளின் கைத்திறமை யாருக்கும் குறைந்ததன்று. சிவகாசியின் நிலத்துக்கு ஏற்ற ஒரு வாரை அவர்களைக் கொண்டே செய்து கொள்ளலாம். தீபாவளிக்குக் குழந்தைகள் கொளுத்தும் ஒவ்வொரு மத்தாப்புக்கும் பின்னால் ஒரு ஜோடிக் கால்கள் நிற்கின்றன. அந்தக் கால்கள் மாலையில் நடந்தே வீடு திரும்ப வேண்டும்.